டாக்டர் பாப்பா எங்க ஊரில் தங்கிய ஏழு நாள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசிய பேச்சு)

 

நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ. குழுக் கூட்டத்தில் பேசுவேன், வீட்டில் நிறையவே பேசுவேன். ஆனா மைக் பிடிச்சு மேடையில் பேசுறது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

"ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் ஒருத்தர் தன் தொழிலைப் பத்திப் பேசணும், நீ கோழி வளர்ப்பைப் பத்திப் பேசு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. கோழி வளர்த்து லட்ச லட்சமா சம்பாதிச்ச கதை என்கிட்ட இல்லை. கோழியைச் சாகக் கொடுத்த கதைதான் இருக்கு. அதையும் அதுக்குப் பிறகு நடந்ததையும் சொல்றேன். உங்களில் ஒருத்தருக்காவது உதவும்னு நினைக்கிறேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி தை மாசம், எங்க குழுவில் உள்கடனா 12,000 ரூபாய் வாங்கினேன். இருபது பெட்டையும் ரெண்டு சேவலும் வாங்கினேன். பக்கத்து ஊரில் ஒருத்தர் கோழி வளர்ப்பை விட்டுட்டார். அவர்கிட்ட பழைய மரக்கூடு ஒண்ணு இருந்துச்சு. பலகை எல்லாம் நல்ல கனம். புதுசா செஞ்சா ஆகுற காசில் பாதிக்கும் கீழே கொடுத்தார். மினி வண்டியில் ஏத்திக்கொண்டு வந்து கொல்லையில் இறக்கியபோது, என் வீட்டுக்காரர் "கோழியைவிட கூடு நல்லா இருக்கு"ன்னு சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

ரெண்டு மாசம் நல்லா முட்டை விட்டுச்சு. பங்குனி போய் வெயில் ஏறினதும் முட்டை குறைஞ்சது. அடையில் உட்கார்ந்த கோழி பாதி நாளில் முட்டையை விட்டுட்டு எழுந்து போயிருச்சு. பிறகு காலையில் கூட்டைத் திறந்தா ஒண்ணு செத்துக் கிடக்கும். நாலு நாள் கழிச்சு இன்னொண்ணு. ஆடி மாசத்துக்குள் இருபத்திரண்டில் பதினஞ்சு போயிருச்சு. மீதி ஏழையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன்.

இப்போ சொல்லப் போறதுதான் சொல்லக் கூச்சமா இருக்கிற பகுதி. ஆனா சொல்லத்தான் மேடை ஏறினேன்.

எங்க வீட்டுக்குப் பக்கத்து வீடு எனக்கு மதினி முறை. எங்க குழுவில் அவங்களும் உறுப்பினர். என் கோழிகள் வேலி தாண்டிப் போய் அவங்க கீரைப்பாத்தியைக் கிளறிப் போட்டிருச்சு, ஒரு தடவை இல்லை, நாலஞ்சு தடவை. கோபத்தில் ஒரு நாள், "உன் கோழிக்கு என்னைக்காவது ஒரு நாள் இருக்கு"ன்னு சத்தம் போட்டாங்க. நாம எல்லாரும் சொல்ற வார்த்தைதானே அது? ஆனா கோழி சாக ஆரம்பிச்சதும் அந்த ஒரு வார்த்தைதான் என் காதில் நின்னுச்சு. மதினி சோளத்தில் மருந்தைக் கலந்து வச்சுட்டாங்கன்னு நானே முடிவு கட்டினேன்.

மனசில் வச்சிருந்தாலும் பரவாயில்லை. குழுக் கூட்டத்தில் எழுந்து, பதினாலு பேருக்கு முன்னாடி சொல்லிட்டேன். "தவணை கட்ட முடியலை, கட்ட முடியாம ஆக்கினவங்க இங்கேயேதான் உட்கார்ந்திருக்காங்க"ன்னு சொன்னேன். மதினி ஒரு வார்த்தை பேசலை. சேமிப்புப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டாங்க. ஊக்குநர் அக்கா ரெண்டு தடவை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டு, குழுவை விட்டுப் போகாம நிறுத்தி வச்சாங்க. ஆனா கூட்டத்தில் நான் இந்த மூலையில் உட்கார்ந்தா அவங்க அந்த மூலை. அடுத்த வருஷம் என் மகள் பெரியவளானாள். சடங்குக்கு அத்தை முறை செய்ய வேண்டியவங்க அவங்கதான். நான் போய்க் கூப்பிடலை. அவங்களும் வரலை. ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டு, மைக்செட் பாட்டைக் கேட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாங்க. என் மகள், "அத்தை ஏம்மா வரலை?"ன்னு கேட்டா. நான் பதில் சொல்லலை.

கூடு ஆறு மாசம் காலியாக் கிடந்துச்சு. அடுத்த தை மாசம் எங்க அம்மா அஞ்சு பெட்டை கொடுத்து விட்டாங்க. அதையும் அதே கூட்டில்தான் அடைச்சேன். ரெண்டு செத்துச்சு. மூணு கொண்டை வெளுத்துப் போய் நின்னுச்சு. அப்போதான், போன வருஷம் ஆவணியில், கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு பிள்ளை வரப் போகுதுன்னு கூட்டமைப்பில் சொன்னாங்க.

வீட்டுக் கோழிகளில் என்ன புழு இருக்கு, என்ன உண்ணி பேன் இருக்குன்னு அவங்க மேடம் ஆராய்ச்சி பண்றாங்களாம். அதுக்கு ஊர் ஊராப் போய் மாதிரி எடுத்துக் கொடுக்கிற வேலை இந்தப் பிள்ளைக்கு. ஒரு வாரம் தங்க இடம் வேணும்னாங்க. எங்க வீட்டில் ஒரு அறை சும்மா கிடந்ததால் நான் சரின்னேன். உண்மையைச் சொல்றேன், அப்போ ஆராய்ச்சி எல்லாம் எனக்கு முக்கியமாத் தெரியலை. படிக்கிற பிள்ளை தங்கினா என் மகளுக்கு நல்லதுன்னு நினைச்சேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினா. ஒல்லியா ஒரு பிள்ளை. கையில் தெர்மாகோல் பெட்டி, முதுகில் பை, இன்னொரு கையில் துணி சுத்தின மைக்ராஸ்கோப். பை நிறைய சின்னச் சின்ன டப்பா, கையுறை, பிரஷ், ஒட்டுற தாள். நாலாம் வருஷம் படிக்கிறாளாம். எல்லாம் சேர்த்து அஞ்சரை வருஷப் படிப்புன்னு சொன்னா. ஊர்ப் பிள்ளைகள் அன்னைக்கே "டாக்டர் பாப்பா"ன்னு பேர் வச்சிருச்சு.

முதல் நாளே வீடு வீடாப் போய், கோழி வளர்க்கிறவங்க சம்மதத்தைக் கேட்டு எழுதினா. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர். டப்பாவில் பேர் எழுதலை, நம்பர்தான். "ஏன் பாப்பா, பேரு எழுதினா மறக்காதே?"ன்னு கேட்டேன். "யார் வீட்டுக் கோழியில பூச்சி இருக்குன்னு அவங்களுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்க்கா. ஊருக்குத் தெரிய வேண்டாம்"னு சொன்னா. அது எனக்கு அப்போ சாதாரணமாத்தான் பட்டுச்சு.

சாயங்காலம் கூட்டுக்கு அடியில் தாள் விரிக்கச் சொன்னா. விடியக் காலையில் கூடு திறக்கிற நேரத்துக்குப் போய், தாளில் கிடக்கிற புது எச்சத்தை டப்பாவில் எடுப்பா. மண்ணில் கிடக்கிறதை எடுக்க மாட்டா. மண்ணில் வேற புழு கலந்திருக்குமாம். என் மாமியார் இதைப் பார்த்துட்டு, "ஏத்தா, கோழி எச்சம் பொறுக்கவா அஞ்சரை வருசம் படிக்கிற?"ன்னு கேட்டாங்க. அவளும் சிரிச்சுக்கிட்டே, "ஆமா அப்பத்தா, மாட்டுச் சாணியும் உண்டு"ன்னா.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் அடுப்படித் திண்ணையே லேப் ஆயிருச்சு. ஒரு பாத்திரத்தில் தண்ணி வச்சு, கல்லுப்பைப் போட்டுக் கிளறினா. கரைஞ்சதும் இன்னும் போட்டா. இனிமேல் கரையாது, அடியில் தங்குதுங்கிற வரைக்கும் போட்டா. எச்சத்தில் கொஞ்சம் எடுத்து அந்த உப்புத் தண்ணியில் கலக்கி, டீ வடிகட்டியில் வடிச்சு, சின்னக் கண்ணாடிக் குழாயில் விளிம்பு வரைக்கும் ஊத்தினா. மேலே மெல்லிசா ஒரு கண்ணாடிச் சில்லை வச்சு மூடி, கால் மணி நேரம் அப்படியே விட்டா. அந்த டீ வடிகட்டியை அதுக்குப் பிறகு நான் அடுப்படிக்குள் சேர்க்கலை. புதுசு வாங்கிட்டேன்.

"எதுக்கு இவ்வளவு உப்பு?"ன்னு கேட்டேன். "உப்புத் தண்ணி கனமா இருக்கும்க்கா. புழுவோட முட்டை அதைவிட லேசு. அதனால மேலே மிதந்து வந்து கண்ணாடியில ஒட்டிக்கும்"னு சொன்னா. அப்போ என் மாமியார் தூணில் சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தவங்க, "இது எனக்குத் தெரியுமே, விதைநெல் பார்க்கிற மாதிரி"ன்னாங்க. நம்ம வீடுகளில் விதைக்கு முன்னாடி உப்புத் தண்ணி கரைச்சு, அதில் கோழி முட்டையைப் போட்டு மிதக்குதான்னு பார்த்துட்டு, பிறகு நெல்லைக் கொட்டுவோம் இல்லையா? பதர் மிதக்கும், நல்ல நெல் அடியில் தங்கும். அதே கணக்குதான். பாப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "எங்க கிளாஸ்ல இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தா முதல் நாளே புரிஞ்சிருக்கும் அப்பத்தா"ன்னா.

மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னா. முதலில் ஒண்ணும் தெரியலை, என் இமை முடிதான் தெரிஞ்சுச்சு. பிறகு தெரிஞ்சது. நீள் உருண்டையா, ஓரத்தில் கோடு போட்ட மாதிரி தடிச்ச ஓட்டோட, மூணு நாலு கிடந்துச்சு. "இது உருண்டைப் புழு முட்டை. எச்சத்தோட மண்ணில விழும். சூடும் ஈரமும் இருந்தா ரெண்டு வாரத்துக்குள்ள முத்திரும். அதைக் கொத்தித் தின்னா கோழி வயித்துக்குள்ள போய் மறுபடி புழுவாகும்"னு சொன்னா.

எச்சத்தில் அரிசி மாதிரி வெள்ளையா நெளியுதே, அதையும் கேட்டேன். அது நாடாப் புழுவோட துண்டாம். அது மண்ணிலிருந்து நேரா வராதாம். எறும்பு, வண்டு இதுகளுக்குள் வளரும், அதைக் கோழி தின்னா வருமாம். எல்லாப் புழு மருந்தும் இந்த ரெண்டு புழுவுக்கும் கேட்காதுன்னு அப்போதான் எனக்குத் தெரியும். கடையில் "புழு மருந்து கொடுங்க"ன்னு கேட்டு, அவர் கொடுத்ததை ஊத்திட்டு, "கொடுத்தும் கேட்கலை"ன்னு நாம சொல்றோம். எந்தப் புழுன்னு பார்க்காமலே கொடுத்தா எப்படிக் கேட்கும்?

புதன்கிழமை கோழியைப் பிடிச்சு இறக்கைக்கு அடியிலும் பின்பக்கமும் இறகை விலக்கிப் பார்த்தா. பேன் இருந்துச்சு. இறகு முளைக்கிற இடத்தில் கொத்துக் கொத்தா அதோட ஈரும் இருந்துச்சு. பிரஷால் எடுத்து ஸ்பிரிட் டப்பாவில் போட்டா. என் கோழியைக் கையில் வச்சிருந்தவ, கொண்டையை ரொம்ப நேரம் பார்த்தா. வாயைத் திறந்து உள்ளே பார்த்தா. "அக்கா, பேன் இவ்வளவு வெளுக்க வைக்காதே. ரத்தமே இல்லை இதுக்கு. இது ராத்திரி கூட்டுக்குள்ள நல்லா அடையுதா?"ன்னு கேட்டா.

"எங்கே அடையுது? பொழுது சாய்ஞ்சா முருங்கை மரத்துல ஏறிக்கிது. பூனை பிடிச்சிருமேன்னு நான்தான் குச்சியை எடுத்து விரட்டிக் கூட்டுக்குள்ள அடைக்கிறேன்"னு சொன்னேன்.

அவ முகம் மாறிருச்சு. "இன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல டார்ச் எடுத்துக்கிட்டுப் போய்ப் பார்ப்போம்க்கா"ன்னா.

ராத்திரி பத்தரை மணி. ஊர் அடங்கிருச்சு. அவ பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டுக்கிட்டு, கையுறை மாட்டிக்கிட்டு வந்தா. கூட்டைச் சத்தமில்லாமல் திறந்து டார்ச் அடிச்சா.

நான் அந்தக் கூட்டைப் பகலில் நூறு தடவை கூட்டிப் பெருக்கியிருக்கேன். ஒரு பூச்சி பார்த்ததில்லை. அன்னைக்கு ராத்திரி பலகை இடுக்கிலிருந்து வரிசை வரிசையா ஊர்ந்து வருது. தட்டையா, பூசணி விதையை நசுக்கின மாதிரி, செம்பழுப்பு நிறம். சிலது கோழிக் காலில், நெஞ்சுக்கு அடியில் ஒட்டிக்கிட்டு இருக்கு. குடிச்சு முடிச்சது நீலம் பாரிச்சு உப்பிப் போய், திரும்ப இடுக்கைத் தேடி நடக்குது. கோழிகள் கண்ணை மூட முடியாமல் கால் மாத்திக் கால் மாத்தி நிக்குது.

"கோழி உண்ணிக்கா. மாட்டு உண்ணி மாதிரி உடம்பிலேயே நாள்கணக்கா ஒட்டிக்கிட்டு இருக்காது. குஞ்சு உண்ணிதான் சில நாள் இறக்கைக்கு அடியில ஒட்டியிருக்கும். பெரிசு எல்லாம் ராத்திரி வந்து, அரை மணி நேரத்துல குடிச்சிட்டு இடுக்குக்குள்ள போயிரும். பகல்ல தேடினாத் தெரியாது"ன்னு மெதுவாச் சொன்னா.

நான் ஒண்ணை விரலால் நசுக்கினேன். கையெல்லாம் ரத்தம். என் கோழியோட ரத்தம்.

"ஆறு மாசம் இந்தக் கூடு காலியாக் கிடந்துச்சே பாப்பா?"ன்னு கேட்டேன். "இது தீனியே இல்லாம மாசக்கணக்கா உயிரோட கிடக்கும்க்கா. ஒரு வருஷத்துக்கு மேலேயும் கிடக்கும். நீங்க கூடு வாங்கினப்பவே உள்ளே இருந்திருக்கலாம்"னா.

அக்காமாரே, அன்னைக்கு ராத்திரி நான் தூங்கலை. அந்தக் கோழிகள் ஏன் மரத்தில் ஏறுச்சுன்னு இப்போ தெரியுது. அதுகளுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலை. நான் குச்சியை எடுத்து அடிச்சு, ஒவ்வொரு நாளும் என் கையாலேயே அந்த உண்ணிக்கு முன்னாடி கொண்டுபோய் அடைச்சேன். அதை நினைக்க நினைக்க மனசு கேட்கலை.

விடியறதுக்குள் திண்ணையில் உட்கார்ந்து பாப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மதினி பேரைச் சொல்லலை, "ஒருத்தங்க மேல பழி போட்டேன்"னு மட்டும் சொன்னேன். "அப்போ விஷம் வைக்கலைதானே பாப்பா? உண்ணிதானே கொன்னுச்சு?"ன்னு கேட்டேன். ஆமான்னு சொல்லிருவான்னு எதிர்பார்த்தேன்.

அவ சொன்னது இதுதான். "அக்கா, அந்தப் பதினஞ்சு கோழியை நான் பார்க்கலை. அன்னைக்கே ஒண்ணையாவது அறுத்துப் பார்த்திருந்தா என்ன காரணம்னு சொல்லியிருக்கலாம். இப்போ உங்க கூட்டுல உண்ணி நிறைய இருக்கு, இருக்கிற கோழிக்கு ரத்தம் இல்லை, நீங்க சொல்ற அடையாளம் எல்லாம் உண்ணிக்குப் பொருந்துது. இவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். செத்துப் போனதுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது."

இதைக் கேட்டதும் எனக்கு முகத்தில் அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. கையில் மைக்ராஸ்கோப் வச்சிருக்கிற பிள்ளை, தன் கண்ணால் பார்க்காததுக்குச் சாட்சி சொல்ல மாட்டேங்குது. ஒரு சாட்சியும் இல்லாமல் நான் பதினாலு பேர் முன்னாடி மதினியைச் சொன்னேனே!

வியாழன், வெள்ளி மத்த வீடுகளுக்குப் போனோம். டார்ச் பிடிக்க, எழுதிக் கொடுக்க நானும் கூடவே போனேன். மதினி வீடும் அதில் ஒண்ணு. நான் வேலிக்கு வெளியிலேயே நின்னுக்கிட்டேன். பாப்பா உள்ளே போய் வந்தா. அவங்க வீட்டில் என்ன இருந்துச்சு, இல்லைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. நானும் கேட்கலை. நம்பர் போட்ட டப்பாவோட அருமை அப்போதான் எனக்குப் புரிஞ்சுச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் குழுக் கூட்டத்தில் பாப்பா பேசினா. எத்தனை வீட்டில் உருண்டைப் புழு, எத்தனை வீட்டில் நாடாப் புழு, பேன்னு தனக்குத் தெரிஞ்ச அளவுக்குச் சொன்னா. மீதியைக் கல்லூரியில் மேடம் பார்த்துட்டுச் சொல்வாங்கன்னா. "ஒரே ஒரு வீட்டுக் கூட்டில் கோழி உண்ணி நிறைய இருக்கு. அவங்ககிட்ட சொல்லிட்டேன்"னு சொல்லி நிறுத்திட்டா. பேர் சொல்லலை.

நான் எழுந்திருச்சேன். காலெல்லாம் நடுங்குச்சு. "அந்த வீடு என் வீடுதான்"னு சொன்னேன். பிறகு மதினி உட்கார்ந்திருந்த மூலையைப் பார்த்துச் சொன்னேன். "மதினி, பழியை இந்தக் கூட்டத்துலதான் போட்டேன். அதனால இந்தக் கூட்டத்துலயே சொல்றேன். என் கோழி செத்ததுக்கு என் கூட்டுலயே காரணம் இருந்துச்சு. நான் பார்க்கலை. பார்க்காமலே உங்களைச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

யாரும் பேசலை. மதினி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "பிள்ளை சடங்குக்குக்கூட நான் வர முடியாமப் போச்சே"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. பிறகு அழுதாங்க. நானும் அழுதேன். ஊக்குநர் அக்கா அன்னைக்கு நடவடிக்கைப் பதிவேட்டில், நான் சொன்னதை அப்படியே தீர்மானத்தோட எழுதி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினாங்க. பழி பதிவேட்டில் இருந்துச்சு, மன்னிப்பும் இருக்கணும்னு சொன்னாங்க.

உடனே எல்லாம் சரியாயிருச்சுன்னு சொன்னா அது பொய். மதினி என் வீட்டு வாசலுக்கு வர ரெண்டு மாசம் ஆச்சு. கார்த்திகைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில், என் மகளுக்கு ஒரு பாவாடை தாவணி எடுத்துக்கிட்டு வந்தாங்க. சடங்குக்கு வச்சிருந்ததாம். இவ்வளவு நாள் பெட்டியிலேயே இருந்திருக்கு.

ஞாயித்துக்கிழமை காலையில் கூட்டைப் பிரிச்சு, உளுத்த பலகையை எல்லாம் வயக்காட்டில் போட்டுக் கொளுத்தினோம். பாப்பா கூடவே நின்னு, உண்ணி தரையில் விழாமல் சாக்கில் சுத்திக் கொண்டுபோகச் சொன்னா. மத்தியானப் பஸ்ஸுக்குக் கிளம்பினா. என் மாமியார், "ஆத்தா, அடுத்த தடவை வந்தா நம்ம மாட்டையும் பாரு"ன்னு சொல்லி, ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொடுத்து அனுப்பினாங்க.

அந்த ஒரு வாரத்தில் அவளிடமும், பிறகு கால்நடை மருந்தக டாக்டரிடமும் கேட்டு நாங்க இப்போ செய்றதைச் சொல்றேன். எழுதி வச்சுக்குங்க.

கூடு பழசு வாங்கினா, கோழியை அடைக்கிறதுக்கு முன்னாடி இடுக்கு எல்லாம் பாருங்க. இடுக்கைச் சிமெண்ட்டோ களிமண்ணோ வச்சு அடைச்சு, சுண்ணாம்பு அடிங்க. செங்கல், கல் சுவராக இருந்தா வெடிப்பில் தீ காட்டலாம், மரத்துக்கும் கூரைக்கும் பக்கத்தில் தீயைக் கொண்டுபோகாதீங்க.

வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் கோழி மேலேயோ கூட்டிலேயோ அடிக்காதீங்க. மண்ணெண்ணெயும் வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை அவர் சொன்ன அளவுக்குக் கூட்டில் அடிங்க. ஒரு தடவை அடிச்சாப் போதாது. உண்ணி முட்டை பிறகு பொரிக்கும், அதனால் அவர் சொல்ற நாளில் மறுபடி அடிக்கணும்.

எச்சத்தைத் தினமும் அள்ளி எருக்குழியில் போடுங்க. கூட்டுக்கு அடியில் ஈரம் தங்க விடாதீங்க. குஞ்சையும் பெரிய கோழியையும் ஒண்ணா அடைக்காதீங்க. கோழி புரண்டு குளிக்க, வெயில் படுற இடத்தில் காஞ்ச மண்ணும் சாம்பலும் போட்டு வைங்க. பேன் குறையும்.

புழு மருந்து கொடுத்தா எத்தனை நாளுக்கு முட்டையும் கறியும் எடுக்கக் கூடாதுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. வெள்ளைக் கழிச்சல் நோய் வேற. அதுக்குத் தடுப்பூசி இருக்கு, முகாம் போட்டா விடாமல் போடுங்க. தடுப்பூசி போட்டாச்சேன்னு உண்ணியையும் புழுவையும் மறந்திராதீங்க.

கோழி திடீர்னு செத்தா, குப்பையிலும் கண்மாயிலும் எறியாதீங்க, கறி வைக்கவும் கூடாது. கவரில் கட்டி, அன்னைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்க. அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்வாங்க. அன்னைக்கு நான் இதைச் செஞ்சிருந்தா பதினஞ்சில் பாதியாவது பிழைச்சிருக்கும். மதினியோட ரெண்டு வருஷமும் போயிருக்காது.

எங்க குழுவில் இப்போ ஒரு தீர்மானம் போட்டிருக்கோம். யார் கோழிக்குக் கடன் கேட்டாலும், கடன் கொடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு உறுப்பினர் ராத்திரியில் போய், அவங்க கூட்டை டார்ச் அடிச்சுப் பார்க்கணும். போன மாசம் அப்படிப் போன ரெண்டு பேர் நானும் மதினியும்தான்.

இப்போ என்கிட்ட ஒன்பது பெட்டை, ஒரு சேவல் இருக்கு. பழைய கடனில் இன்னும் ரெண்டு தவணை பாக்கி. பொங்கலுக்குள் கட்டிருவேன். மதினி வீட்டுக் கீரைப்பாத்திக்கு என் வீட்டுக்காரர் வலை கட்டிக் கொடுத்திருக்கார். பாப்பா போன் பண்ணி, மாதிரி எல்லாம் மேடம்கிட்ட போயிருச்சுன்னு சொன்னா. அவளுக்குக் கடைசி வருஷம் நடக்குது. டாக்டராகி எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க் கோழிகள் கொடுத்து வச்சதுதான்.

இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும், சாப்பிட்டு எல்லாரும் படுத்த பிறகு, ஒரு டார்ச்சை எடுத்துக்கிட்டுப் போய் உங்க கோழிக்கூட்டைப் பாருங்க. ஒண்ணும் இல்லைன்னா நிம்மதியாத் தூங்குங்க. இருந்தா மருந்தகத்துக்குப் போங்க. பக்கத்து வீட்டுக்குச் சண்டைக்குப் போகாதீங்க.

முன் வரிசையில் என் பையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற என் மதினிக்கு நன்றி சொல்லி முடிச்சுக்கிறேன்.